கலந்து பொறுக்குவதா, கோத்து எடுப்பதா? பெருந்தொற்று ஃப்ளூவுக்கு விதை வைரஸ் தயாரிக்கும் இரு வழிகள்

நோயாளியின் தொண்டையிலிருந்து எடுத்த ஃப்ளூ வைரஸை அப்படியே தடுப்பூசித் தொழிற்சாலைக்கு அனுப்ப முடியாது. கோழி முட்டையில் அது மந்தமாகத்தான் வளரும். அதனால் புது வைரஸின் மேற்புரதங்களான ஹீமக்ளூட்டினினையும் (இனி எச்ஏ) நியூராமினிடேஸையும், முட்டையில் செழித்து வளரும் பிஆர்8 என்ற 1934ஆம் ஆண்டு ஆய்வக வைரஸின் உள் மரபணுக்களோடு சேர்க்க வேண்டும். அப்படிக் கிடைத்து, தொழிற்சாலையில் பெருக்கப்படுவதே விதை வைரஸ். சேர்க்க இரண்டு வழி உண்டு. இரண்டையும் ஒரே முட்டைக்குள் விட்டுக் கலக்கவிட்டு நல்லதைப் பொறுக்குவது மறுகலப்பு முறை. எட்டு மரபணுத் துண்டுகளையும் எட்டு பிளாஸ்மிடில் (வட்ட டிஎன்ஏ) ஏற்றி, ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரக வீரோ செல்லுக்குள் செலுத்தி, வேண்டிய வைரஸைக் கோத்து எடுப்பது ரிவர்ஸ் ஜெனடிக்ஸ்.

2009இல் ஏ/கலிஃபோர்னியா/7/2009 என்ற பன்றிக் காய்ச்சல் வைரஸுக்கு இரண்டு வழியும் ஒரே சமயத்தில் கையாளப்பட்டன. நியூயார்க் மருத்துவக் கல்லூரி கலந்து பொறுக்கியது எக்ஸ்-179ஏ. பிரிட்டனின் உயிரியல் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு நிறுவனமான என்ஐபிஎஸ்சி கோத்து எடுத்தது என்ஐபிஆர்ஜி-121. கோழிக்கு ஆபத்தில்லாத வைரஸ் என்றால் எங்கள் ஓட்டு மறுகலப்புக்கே.

வேகம்? பிளாஸ்மிட் வழிதான் வேகமானது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் 2009 மே கடைசி வாக்கில் இரண்டு வழி விதைகளும் கையில் இருந்தன. காப்புரிமை, மரபணு மாற்ற உயிரி விதிகள் ஆகியவை அப்போது பிளாஸ்மிட் வழிக்குக் கூடுதல் காகித வேலையாக இருந்தன. தூய்மையில் பிளாஸ்மிட் ஒரு படி மேல்: நோயாளி மாதிரியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடிய வேறு கிருமி எதுவும் கூட வராது.

உண்மையான சண்டை விளைச்சலில். ஒரு முட்டைக்கு ஒரு மும்முனை டோஸ் என்பது பருவகால ஃப்ளூ தடுப்பூசியில் பழைய கைக்கணக்கு. ஒரு வகைக்கு 15 மைக்ரோகிராம் எச்ஏ, மூன்று வகைக்கு 45. ஒரே வகை மட்டும் போடும் பெருந்தொற்று ஊசியில் அதே முட்டை மூன்று டோஸ் தரவேண்டும். விளைச்சல் மூன்றில் ஒன்றாகச் சரிந்தால் முட்டைக்கு ஒரு டோஸ்தான். கடையில் வாங்கும் முட்டை இதற்கு ஆகாது. கரு பிடித்து 9 முதல் 11 நாள் அடைவைத்த முட்டை வேண்டும். அந்தக் கோழிப் பண்ணைகளை மாதக்கணக்கில் முன்கூட்டியே ஏற்பாடு செய்தாக வேண்டும் என்பதால் நடுவில் முட்டையைக் கூட்ட வழியில்லை. 2009 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது இதைத்தான்: முதல் விதைகளின் விளைச்சல் வழக்கத்தில் 25 முதல் 50 சதவீதம்.

கோத்து எடுக்கும்போது உள் மரபணு ஆறு பிஆர்8இலிருந்து, மேற்புரதம் இரண்டு புது வைரஸிலிருந்து என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். கலக்கவிட்டால் எட்டுத் துண்டுக்கு 256 கூட்டணி சாத்தியம். எது முட்டையில் ஓடுகிறதோ அது தானாக மேலே வரும். எக்ஸ்-179ஏவில் மேற்புரத மரபணுக்களோடு பிபி1 என்ற துண்டும் கலிஃபோர்னியா வைரஸிலிருந்தே வந்து நின்றது. அதிக விளைச்சல் தரும் பல எச்3என்2 விதைகளிலும் (எச், என் எண்கள் இரு மேற்புரதங்களின் வகையைக் குறிக்கும்) இதே 5:3 அமைப்பை, அதாவது பிஆர்8இன் ஐந்து துண்டு, புது வைரஸின் மூன்று துண்டு என்பதைப் பார்க்கலாம். பிளாஸ்மிடிலும் 5:3 கோக்கலாம்தான். ஆனால் எதைக் கோக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

செய்முறையில் ஒரு சிக்கல். மறுகலப்பில் பிஆர்8இன் மேற்புரதம் உள்ளவற்றை எதிர்ச்சீரம் (அந்தப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் கொண்ட ரத்தநீர்) கொண்டு அடக்குவார்கள். பிஆர்8 தானே ஓர் எச்1என்1 என்பதால், புது வைரஸும் எச்1என்1 ஆக இருந்தால் சீரம் இரண்டையும் சேர்த்துக் கடிக்கும் அபாயம் உண்டு. எக்ஸ்-179ஏவுக்கு பிஆர்8 உள் மரபணுக்கள் மேல் எச்3என்2 மேலுறை போர்த்திய எக்ஸ்-157ஐக் கொடையாளியாக வைத்தது இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை. எச்3, என்2 எதிர்ச்சீரம் கொடையாளியை மட்டும் வெட்டும். சீரத்தோடு சில சுற்று, சீரமில்லாமல் ஒரு சுற்று, பிறகு வைரஸ் இன்னும் வளரும் கடைசி நீர்ப்பிலிருந்து ஒரே வகையைத் தனித்தெடுக்கும் சுற்றுகள். முட்டையைத் திறக்கும் முன் இரவு முழுக்க 4 டிகிரியில் வைக்காவிட்டால் ரத்தம், வைரஸ் சேர்ந்திருக்கும் அல்லாண்டோயிக் திரவத்தில் (முட்டையின் உட்பைத் திரவம்) கசியும். வைரஸ் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். நல்ல விதை மோசமானதாகத் தெரிவது பெரும்பாலும் இப்படித்தான்.

விளைச்சலை எப்படி அளக்கிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிவப்பணு திரட்டும் அளவு (எத்தனை மடங்கு நீர்த்தாலும் வைரஸ் சிவப்பணுக்களைத் திரட்டுகிறது என்ற எண்) 1024 என்று வந்தால் மகிழ வேண்டியதில்லை. எச்ஏவில் ஓர் அமினோ அமிலம் மாறி, ரத்த அணுவோடு ஒட்டும் தன்மை கூடியிருந்தாலும் எண் ஏறும், புரதம் ஏறாது. சுக்ரோஸ் அடுக்கில் வைரஸைத் தூய்மைப்படுத்தி, மொத்தப் புரதத்தை அளந்து, பிஎன்ஜி-எஃப் நொதியால் சர்க்கரையை நீக்கி ஜெல்லில் ஓட்டினால்தான் எச்ஏவின் பங்கு தெரியும். சர்க்கரையை நீக்காமல் ஓட்டினால் எச்ஏவின் இரு பாதிகளான எச்ஏ1, எச்ஏ2 ஆகியவற்றின் பட்டைகள் முறையே என்பி, எம்1 என்ற உட்புரதங்களின் பட்டைகளோடு மங்கலாகக் கலந்துவிடும்.

தரப்படுத்தலுக்கும் இது போகிறது. டோஸில் எத்தனை மைக்ரோகிராம் என்பதைச் சொல்வது எஸ்ஆர்ஐடி சோதனை: 1 சதவீத அகரோஸில் ஆட்டு எதிர்ச்சீரம், குழிகளில் ஸ்விட்டர்ஜென்ட் என்ற சோப்பு வகை கலந்த மாதிரி, எச்ஏ பரவிச் சீரத்தோடு சேர்ந்து உண்டாக்கும் வளையத்தின் விட்டம் அடுத்த நாள். அகரோஸ் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சீரத்தை ஊற்றினால் சீரம் கெடும். சீரம் குறைந்தால் வளையத்தின் விளிம்பு மங்கும், அளக்க முடியாது. ஒப்பிடுவதற்கான, எச்ஏ அளவு தெரிந்த ஆன்டிஜனும் சீரமும் ஒவ்வொரு வைரஸுக்கும் புதிதாகத் தயாராக வேண்டும். ஆட்டுக்கு ஊசி போட, தூய்மைப்படுத்திய வைரஸிலிருந்து புரோமெலின் நொதியால் எச்ஏவை வெட்டி எடுப்பது வழக்கம். விளைச்சல் குறைந்த விதையில் அந்த எச்ஏவே போதாது. ஆடு எதிர்ச்சீரம் தர இரண்டு மூன்று மாதம். அந்த இடைவெளியில் ஊசி தயாராகி, அளக்கும் கோல் இல்லாமல் கிடங்கில் நிற்கும். மரபணுப் பொறியியலால் (இது மறுகலப்பு அல்ல) தனியாகத் தயாரித்த எச்ஏவை ஆட்டுக்குப் போட்டு இந்தக் காத்திருப்பைச் சுருக்கலாம், அது எந்த விதை வழிக்கும் உதவும்.

விதையை நடுவழியில் மாற்றினாலும் இந்தக் கோல் சிக்கல் வரும். எக்ஸ்-179ஏவை மேலும் முட்டையில் ஓட்டி வந்த எக்ஸ்-181 நல்ல விளைச்சல் தந்தது. என்ஐபிஆர்ஜி-121ஐ ஓட்டியபோது 121எக்ஸ்பி பிறந்தது. அதாவது கோத்து எடுத்ததும் கடைசியில் முட்டையில் பொறுக்கப்பட்டுத்தான் தேறியது. மாறிய எச்ஏ பழைய சீரத்தோடு அதே வளையம் தருகிறதா என்று சரிபார்க்காமல் விதையை மாற்றக் கூடாது.

மறுகலப்பின் பக்கமான இந்தச் சாய்வு ஒரே ஒரு பெருந்தொற்றையும் ஒரு எச்1 வைரஸையும் வைத்து வந்தது. எச்5 பறவைக் காய்ச்சல் வந்தால் பேச்சே வேறு. 1997 ஹாங்காங்கில் 18 பேரைத் தாக்கி 6 பேரைக் கொன்ற எச்5என்1 முட்டைக் கருவையே கொன்றுவிடும் வகை. எச்ஏவின் வெட்டுமுனையில் வரிசையாக நிற்கும் கார அமினோ அமிலங்களை பிளாஸ்மிடில் நீக்காமல் அதைத் தொழிற்சாலைக்குள் விட முடியாது. ஏ/வியட்நாம்/1194/2004இலிருந்து வந்த என்ஐபிஆர்ஜி-14 அப்படித்தான் வந்தது. அதன் எச்ஏ விளைச்சல் சுமார்தான், ஆனால் வேறு வழியில்லை. 2013 மார்ச் 31இல் எச்7என்9 பறவைக் காய்ச்சல் வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் வந்ததும், சீனாவிலிருந்து மாதிரி வரும்வரை காத்திராமல் மரபணுவைச் செயற்கையாக எழுதிக் கோக்க முடிந்தது. கலந்து பொறுக்க வேண்டுமானால் முதலில் உயிருள்ள வைரஸ் கையில் இருக்க வேண்டும்.