அப்பாவின் பல்செட்: ஆறு மாதங்களுக்குப் பிறகு

71 வயதான என் அப்பாவுக்கு எஞ்சியிருந்த நான்கு பற்களும் ஈறு நோயால் ஆடத் தொடங்கி, இரண்டரை ஆண்டுகளுக்கு முன் பிடுங்கப்பட்டன. 'இந்த வயதில் பல் எதற்கு' என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. வேர்க்கடலை, கொய்யா, கீரைத்தண்டு, ஆட்டுக்கறி என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகி, குழைத்த ரசம் சாதமும் இட்லியும் மட்டும் மிஞ்ச, எடை ஆறு கிலோ இறங்கியது, சர்க்கரை ஏறியது. மேற்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் வகரம் பிறக்கும் என்பதைப் பள்ளியில் படித்திருந்தாலும், பேத்தியை அவர் 'வா' என்று அழைத்தபோது வெறும் காற்று வந்ததைக் கேட்ட பிறகுதான் அது எனக்கு உறைத்தது. கல்யாண வீடுகளில் மொய் எழுதிய கையோடு, பந்திக்கு உட்காராமல் திரும்பிவிடுவார்.

எங்கள் ஊரின் தனியார் பல் மருத்துவமனை ஒன்றில் 22,000 ரூபாய்க்கு இரு தாடைக்கும் முழு செட் கட்டினோம். இருமுறை அளவெடுத்து, மெழுகுக் கட்டை வைத்துத் தாடைகள் சேரும் உயரத்தைக் குறித்து, மெழுகில் பல் அடுக்கிப் போட்டுப் பார்த்து, ஐந்தாவது வருகையில் கையில் கொடுத்தார்கள். வேலை நேர்த்தி. அப்பா பால் வெள்ளையைக் கேட்டும், மருத்துவர் சற்றே மஞ்சள் பாரித்த நிறத்தையே தேர்ந்தெடுத்தார். யார் பார்த்தாலும் சொந்தப் பல் என்றே நினைக்கிறார்கள்.

மேல் செட் அண்ணத்தில் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. கீழ் செட்தான் சாப்பிடும்போது எழும்புகிறது. பல் போனபின் அதைத் தாங்கிய எலும்பு கரையத் தொடங்கும். முதல் ஆண்டில் வேகமாகவும், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் கூடுதலாகவும் கரையும் என்பதால், நாங்கள் தாமதித்த இரண்டு ஆண்டுகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பணம் வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஈற்றில் புண் வந்தபோது மூன்று முறை கட்டணமின்றி ராவிக் கொடுத்ததை மறுக்கவில்லை. இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை; அப்பா அப்படியே தூங்கி, அண்ணம் முழுதும் சிவந்து பூஞ்சைத் தொற்று வந்த பிறகு, வேறொரு மருத்துவர்தான் அதை விளக்கினார்.

செயற்கைப் பல்லின் கடிவிசை சொந்தப் பல்லில் ஏறக்குறைய கால் பங்குதான் என்பதால், முறுக்கை இன்னும் காபியில் நனைத்தே தின்கிறார். ஆனாலும் கீரையும் கொண்டைக்கடலையும் தட்டுக்குத் திரும்பிவிட்டன, எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது, சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் பாயசம் வரும்வரை பந்தியில் உட்கார்ந்திருந்தார். செய்நேர்த்திக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், விளக்கிச் சொல்வதற்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்வேர்) பொருத்தி அவற்றின்மேல் செட்டை நிறுத்தலாம் என்பதைக்கூட நாங்கள் குறை சொன்ன பிறகுதான் வாய் திறந்தார்கள். எலும்பு போதுமா என்று பார்க்க, வேறு இடத்தில் ஸ்கேன் எடுக்க இருக்கிறோம்.