நட்சத்திரத்தை விட்டேன், பின்னிணைப்பைப் பிடித்தேன்

திகில், ஃபேண்டஸி, வாழ்வியல், போர் வரலாறு என்று ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு துறைகளில் பல ஆண்டுகளாக மாறி மாறி வாசித்து வருகிறேன். இந்தக் காலத்தில் நட்சத்திர மதிப்பீடு, பரிந்துரைச் செயலி, விருதுப் பட்டியல், "சாவதற்குள் படிக்க வேண்டிய" வகைப் பட்டியல் என எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நல்ல புத்தகத்துக்கு வழி சொல்ல இன்னொரு நல்ல புத்தகத்தைப் போல வேறெதுவும் இல்லை. அதிலும் முன்னுரை, நன்றியுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு என்று நாம் அவசரமாகப் புரட்டித் தள்ளுகிற பக்கங்களில்தான் அந்த வழி இருக்கிறது.

நட்சத்திர மதிப்பீடு ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு விதமாகக் கண்ணைக் கட்டுகிறது. ஃபேண்டஸித் தொடர்களைப் பாருங்கள். முதல் பாகத்தைவிட மூன்றாம் பாகத்துக்குப் பெரும்பாலும் மதிப்பீடு கூடுதலாக இருக்கும். ஐந்தாம் பாகத்துக்கு இன்னும் கூடும். கதை மெருகேறிக்கொண்டே போகிறது போலும் என்று நினைப்போம். பிடிக்காதவர்களெல்லாம் முதல் பாகத்தோடு கழன்றுகொண்டார்கள், மிஞ்சியிருப்பவர்கள் பக்தர்கள், அவ்வளவுதான். வாழ்வியல் நூல்களுக்கு வாசித்து முடித்த உற்சாகத்தில் அன்றே ஐந்து நட்சத்திரம் விழுந்துவிடுகிறது. அதிகாலையில் எழும் பழக்கம் ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பி வந்து எழுதுவதில்லை. போர் வரலாற்றில் நூல் எந்தத் தரப்பின் மனத்தை நோகடித்தது என்பதற்கே பாதி ஒற்றை நட்சத்திரங்கள். திகிலில் இன்னும் வேடிக்கை: "பயமே வரவில்லை" என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் போடுகிறார், "இரவு முழுக்கத் தூங்க முடியவில்லை" என்று கோபித்துக்கொண்டு இன்னொருவரும் அதே ஒரு நட்சத்திரம் போடுகிறார்.

பரிந்துரைச் செயலிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீங்கள் ஏற்கெனவே விரும்பியதைப் போலவே இருப்பதைக் காட்டுவது அவற்றின் வேலை, அதைச் சரியாகச் செய்கின்றன. ஒரு நீர்மூழ்கிக் கப்பல் புத்தகம் வாசித்தால் வாழ்நாள் முழுக்க நீர்மூழ்கிக் கப்பல்.

திகிலுக்கு வருகிறேன், ஏனென்றால் தேடல் மிகவும் கைகொடுத்தது இங்கேதான். இந்தத் துறையின் உயிர் சிறுகதையிலும் குறுநாவலிலும் இருக்கிறது என்பது என் கட்சி. அச்சத்தை நானூறு பக்கத்துக்கு இழுத்துப் பிடிப்பது அபூர்வமான கைகளுக்கே வாய்க்கும். எனவே நாவல்களை விட்டுவிட்டுத் தொகுப்புகளிலிருந்து தொடங்கினேன். எல்லன் டாட்லோ 1988 முதல் பிறருடன் சேர்ந்து ஆண்டுதோறும் ஃபேண்டஸி, திகில் கதைகளின் தேர்ந்த தொகுப்பைக் கொண்டுவந்தார். 2009 முதல் திகிலுக்கென்றே தனி ஆண்டுத்தொகுப்பு அவருடைய பொறுப்பில் வருகிறது. கதைகள் இருக்கட்டும், நான் முதலில் திறப்பது தொகுப்பின் தொடக்கத்தில் அவர் எழுதும் நீண்ட ஆண்டறிக்கையை. அந்த ஆண்டு வந்த நாவல்கள், தனித்தொகுப்புகள், சிற்றிதழ்கள் என எல்லாவற்றையும் அதில் தொட்டுச் செல்வார். துறையை முழுநேரமாகக் கவனிக்கிற ஒருவரின் கைக்குறிப்பு அது. அதற்கு ஈடான செயலி எதையும் நான் பார்த்ததில்லை.

பழைய திகிலுக்கு அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1927-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒன்று போதும். மனிதராக அவருடைய இனவெறிக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வாசகராக அவருக்குக் கூர்மையான காது. ஆர்தர் மேக்கன், ஆல்ஜெர்னான் பிளாக்வுட், டன்சேனி, எம்.ஆர். ஜேம்ஸ் ஆகிய நால்வரைத் தம் கால மேதைகளாக முன்வைத்து ஒவ்வொருவரின் எந்தக் கதை ஏன் வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டு போகிறார். அவர் கைகாட்டித்தான் பிளாக்வுட்டின் 'தி வில்லோஸ்' என்ற 1907-ஆம் ஆண்டுக் குறுநாவலுக்குப் போனேன். இரண்டு பேர் தன்யூப் ஆற்றில் சிறு படகில் போகிறார்கள். வெள்ளக் காலத்தில் ஒரு மணல் தீவில் கூடாரம் அடிக்கிறார்கள். வியன்னாவைத் தாண்டிய பிறகு ஆறு எப்படிக் கிளைபிரிகிறது, கரை எப்படி மறைகிறது, புதர்கள் காற்றில் எப்படி அசைகின்றன என்று தொடக்கப் பக்கங்கள் முழுக்க நிலவியல் பாடம்தான். அந்தப் பக்கங்களில் பேயும் இல்லை, பிணமும் இல்லை. தீவு மட்டும் மணிக்கு மணி கரைந்து சிறியதாகிக்கொண்டே வருகிறது. "மெதுவாகப் போகிறது" என்று குறைத்து மதிப்பிடப்படுகிற கதைகளில் எதைத் தேட வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. அதன் பிறகு, மெதுவாகப் போகிறது என்ற புகாரையே நான் சிபாரிசாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு, ஸ்டீபன் கிங் 1981-இல் வெளியிட்ட 'டான்ஸ் மக்காப்ரே' என்ற திகில் பற்றிய கட்டுரை நூலின் பின்னிணைப்பு. 1950-க்கும் 1980-க்கும் இடையில் வந்தவற்றில் சுமார் நூறு புத்தகங்களை அதில் பட்டியலிட்டிருக்கிறார். எழுதுகிறவர் எதைத் தின்று வளர்ந்தார் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு கருவியும் உண்டு. தன்னார்வலர்கள் 1995 முதல் பராமரித்துவரும் இணைய ஊகப் புனைவு (அறிவியல் புனைவு, ஃபேண்டஸி, திகில்) தரவுத்தளம். தோற்றம் பழைய காலத்துக் கணக்குப் பேரேடு மாதிரிதான். ஒரு சிறுகதையின் பெயரைக் கொடுத்தால் அது எந்தெந்த ஆண்டில் எந்தெந்தத் தொகுப்பில் மறுபடி அச்சானது என்று வரிசையாகக் காட்டும். ஐம்பது, அறுபது ஆண்டுகளாக வெவ்வேறு தொகுப்பாசிரியர்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்திருந்தால் அந்தக் கதையில் ஏதோ இருக்கிறது. ஆயிரம் நட்சத்திரங்களைவிட எட்டுத் தொகுப்பாசிரியர்களின் ஒப்புதல் எனக்குப் பெரிது.

ஃபேண்டஸியில் சிக்கல் வேறு மாதிரி. புத்தகங்கள் தடிமனானவை, தொடர்கள் நீளமானவை, பாதியில் நின்றுபோனவையும் பல. இங்கே எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பட்டியல் ஒரு விளையாட்டுக் கையேட்டில் இருந்தது. ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை நடத்துபவருக்காக கேரி கைகாக்ஸ் 1979-இல் எழுதிய நூலில், தம்மைத் தூண்டிய எழுத்தாளர்களை ஒரு பின்னிணைப்பில் தந்திருக்கிறார். ஜாக் வான்ஸ், ஃப்ரிட்ஸ் லைபர், டன்சேனி, போல் ஆண்டர்சன், ரோஜர் ஜெலஸ்னி என்று போகும் பட்டியல். அந்த விளையாட்டில் மந்திரவாதி ஒரு மந்திரத்தை மனப்பாடம் செய்து, ஒருமுறை பிரயோகித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும் என்பது அன்றைய விதி. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட கதைத்தொகுப்பில் போய் நிற்போம். அது ஒல்லியான புத்தகம். உலகத்தைக் கட்டி எழுப்ப எண்ணூறு பக்கம் தேவை என்ற எண்ணத்தை அது கலைத்துவிடும்.

அதேபோல் லின் கார்ட்டர் 1969 முதல் 1974 வரை பதிப்பாலோசகராக இருந்து கொண்டுவந்த பாலண்டைன் நிறுவனத்தின் ஃபேண்டஸி வரிசை. மறக்கப்பட்ட பழைய நாவல்களை மலிவுப் பதிப்பில் மீட்டெடுத்த வரிசை அது. ஒவ்வொன்றுக்கும் கார்ட்டர் முன்னுரை எழுதியிருப்பார். சில முன்னுரைகளில் உற்சாகம் தகவலை முந்திக்கொண்டு ஓடும், அதையும் சொல்ல வேண்டும். ஹோப் மிர்லீஸ் 1926-இல் எழுதிய ஒரே ஃபேண்டஸி நாவல் 1970-இல் மறுபடி அச்சேறியது இந்த வரிசையில்தான். அப்போது அந்த எழுத்தாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் அவருடைய அனுமதியின்றியே அச்சிட்டார்கள். அவரோ 1978 வரை உயிரோடு இருந்தார்.

புதிய ஃபேண்டஸிக்கு விருதுகளைப் பார்ப்பேன், ஆனால் வென்றவற்றை அல்ல, இறுதிப் பட்டியலை. 1975 முதல் வழங்கப்படும் உலக ஃபேண்டஸி விருதில் நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் பெயர்களோடு மாநாட்டு உறுப்பினர்கள் வாக்களித்துச் சேர்க்கும் பெயர்களும் இருக்கும். நடுவர்கள் மட்டும் பிடித்துக்கொண்டுவரும் அந்த முன்பின் தெரியாத பெயர்களில்தான் எனக்குப் பிடித்தவை அடிக்கடி அகப்பட்டிருக்கின்றன. விருது வாங்கியது எப்படியும் நம் காதில் விழுந்துவிடும், அதற்குத் தனியாகத் தேடல் எதற்கு?

போர் வரலாற்றில் தேடுவதைவிடக் கழிப்பதுதான் பெரிய வேலை. கையில் எடுத்ததும் நான்கு இடங்களைப் பார்க்கிறேன். முதலில் பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா கருவி உருவாக்கிய மறைகுறிகளை நேச நாடுகள் உடைத்துப் படித்துக்கொண்டிருந்த கதை, 1974-இல் முன்னாள் பிரிட்டிஷ் உளவு அதிகாரி வின்டர்பாதமின் நூல் வந்த பிறகே பரவலாகத் தெரியவந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட அட்லாண்டிக் கடற்போர் வரலாறுகளில், ஒரு தளபதிக்கு எதிரி வரும் இடம் "உள்ளுணர்வில் தோன்றியது" என்று இருந்தால் நாம் புன்னகைத்துக்கொள்ளலாம். கிழக்குப் போர்முனை என்றால் 1991-ஐத் தாண்டியதா என்று பார்ப்பேன். சோவியத் ஆவணக் காப்பகங்கள் ஆய்வாளர்களுக்கு ஓரளவேனும் திறந்தது அதன் பிறகுதான்.

அடுத்து துணைநூற்பட்டியலின் மொழி. ஸ்டாலின்கிராடு பற்றிய நூலில் ரஷ்ய மூலங்களே இல்லையென்றால், 1950-களில் ஜெர்மானியத் தளபதிகள் எழுதிய நினைவுக்குறிப்புகளை நம்பி எழுதியது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். வென்றதெல்லாம் நாங்கள், தோற்றதெல்லாம் ஹிட்லர் என்ற ராகம் அவற்றில் ஒலித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது, வரைபடம். ஒரு அத்தியாயத்தில் வரும் ஊர்ப்பெயர்களை எடுத்து அருகில் உள்ள வரைபடத்தில் விரலை வைத்துத் தேடுவேன். குன்று, பாலம், ஆற்றுவளைவு என்று பக்கத்துக்குப் பக்கம் பேசிவிட்டு அவற்றில் ஒன்றைக்கூட வரைபடத்தில் போடாத நூல் வாசகரை மதிக்கவில்லை.

நான்காவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் உலகப் போர் பற்றிய நூல் என்றால் சொல்லடைவில் சோம் சண்டையைத் தேடி, 1916 ஜூலை 1 அன்று நடந்ததை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையின் இழப்பு 57,470 பேர். இது இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், காணாமற்போனவர்கள், சிறைப்பட்டவர்கள் எல்லாரும் சேர்ந்த எண். கொல்லப்பட்டவர்கள் 19,240 பேர். ஒரே காலையில் 57,000 பேர் மாண்டார்கள் என்று எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவேன். பானைச் சோற்றுக்கு இந்த ஒரு சோறு எனக்குப் போதும்.

இந்தச் சல்லடையில் தேறுகிற மூன்று நூல்களின் துணைநூற்பட்டியல்களை அருகருகே வைத்தால், மூன்றிலும் வருகிற பெயர் ஒன்றிரண்டு தட்டுப்படும். ஜான் கீகன் 1976-இல் எழுதிய 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' அப்படித் தட்டுப்பட்டதுதான். ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்திய அவர், தாம் எந்தப் போரிலும் இருந்ததில்லை என்று சொல்லித்தான் நூலையே தொடங்குகிறார். அஜின்கோர்ட், வாட்டர்லூ, சோம் ஆகிய மூன்று சண்டைகளில் ஒரு சாதாரணச் சிப்பாய் எதைப் பார்த்திருக்க முடியும், எதைப் பார்த்திருக்கவே முடியாது என்பதுதான் அவருடைய கேள்வி. ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் சோவியத் பெண் போராளிகள் பற்றிய நூலையும் இப்படித்தான் அடைந்தேன். 1985-இல் வந்த பதிப்பில் தணிக்கையில் போன பகுதிகள் பின்னாளில் சேர்க்கப்பட்டன. எனவே எந்தப் பதிப்பு என்று பார்த்து எடுங்கள். மொழிபெயர்ப்பென்றால் எந்தப் பதிப்பிலிருந்து என்றும் பாருங்கள்.

வாழ்வியல் நூல்களைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறார். அட்டையில் ஆசிரியர் சிரித்துக்கொண்டிருந்தால் எச்சரிக்கையாகிவிடுவேன். இங்கேயும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: "ஒரு பழக்கம் படிய 21 நாள் ஆகும்" என்ற வாக்கியம். இந்த எண், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர் 1960-இல் எழுதிய நூலிலிருந்து பரவியது. மாறிய முகத்துக்குப் பழகத் தம் நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்பதுதான் அவர் கண்டது. "குறைந்தது" எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது. ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் லண்டனில் 96 பேரிடம் செய்த ஆய்வில் கிடைத்த நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆய்வு நடந்ததோ 84 நாள்தான், 254 என்பது கணக்கிட்டு நீட்டிப் பெற்றது. 21 என்று அடித்துச் சொல்கிற நூலை நான் எடுப்பதில்லை. 66 என்று சொல்கிறதை எடுத்துப் புரட்டுவேன். அந்த 254-இன் கதையையும் சேர்த்துச் சொல்கிற ஆசிரியர் கிடைத்தால் அவருடைய மற்ற நூல்களையும் தேடுவேன்.

மனவுறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் எரிபொருள் என்று சொல்கிற நூல்களுக்கும் இதே கதிதான். 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து மறுபடி சோதித்து 2016-இல் வெளியிட்ட முடிவில் அந்த விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அதற்குப் பின் வந்த பதிப்பிலும் பழைய பாட்டையே பாடுகிறார்களா என்று பார்த்தால் ஆசிரியரின் நாணயம் தெரிந்துவிடும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் இந்தத் துறையில் மிஞ்சுவது குறைவு. மிஞ்சுவது பெரும்பாலும் மெல்லிய புத்தகமாகவே இருக்கிறது.

என் முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. நேற்று வெளியான, புது எழுத்தாளரின் முதல் நூல் எந்தத் துணைநூற்பட்டியலிலும் இருக்காது, எந்தத் தொகுப்பாசிரியரும் அதை இன்னும் தொட்டிருக்க மாட்டார். அதற்கு மாதிரிப் பக்கங்களை நம்புகிறேன், அதுவும் அரைகுறையாகத்தான். மின்நூல் கடைகள் காட்டுவது எப்போதும் தொடக்கத்தை. ஆசிரியரும் பதிப்பாசிரியரும் பலமுறை இழைத்த பகுதி அது, அழகாகத்தான் இருக்கும். அச்சுப்பிரதி கைக்கு எட்டினால் நடுவில் திறந்து இரண்டு பக்கம் வாசிக்கிறேன். திகிலென்றால் யாரும் பயப்படாத ஒரு பக்கம், ஃபேண்டஸியென்றால் யாரும் வாளை உருவாத ஒரு பக்கம். அந்தப் பக்கமும் ஓடினால் முழுதாகப் படிக்க எடுத்துக்கொள்கிறேன். முதல் நூலென்றால் அதோடு நன்றியுரையையும் பார்த்துவிடுவேன். அந்த எழுத்தாளர் நன்றி சொல்கிற ஆசிரியர்களில் எனக்கு ஏற்கெனவே பிடித்தவர் ஒருவராவது இருப்பார், அல்லது இதுவரை கேள்விப்படாத ஒருவர் இருப்பார். இரண்டாவது வகைப் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த தேடலை அங்கிருந்து தொடங்குகிறேன்.