ஃபைபருக்கு மாறலாமா? நான்கு ஆண்டுகள் பயன்படுத்தியவரின் பதில்

தாமிரக் கம்பி வழி வந்த இணைப்பில் எட்டு ஆண்டுகள் இருந்தேன். கண்ணாடி இழை வழி வரும் ஃபைபரில் இப்போது நான்கு ஆண்டுகள். மாறலாமா என்று கேட்கும் நண்பர்கள் அடுத்த மூச்சில் "எத்தனை மெகாபிட் வருகிறது?" என்கிறார்கள். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் அந்தப் பதிவிறக்க எண்ணுக்காக நான் மாறவில்லை. பதிவேற்றத்துக்காக, அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகத்துக்காக, மாறினேன்.

பாடக் காணொளிகளைப் பதிவுசெய்து அனுப்புவது என் வேலை. தொலைபேசியின் தாமிரக் கம்பியிலேயே இணையம் தரும் பழைய ஏ.டி.எஸ்.எல். இணைப்பு, பதிவிறக்கத்துக்கு அகலமான சாலையையும் பதிவேற்றத்துக்கு ஒற்றையடிப் பாதையையும் ஒதுக்கும் அமைப்பு. என் வீட்டில் பதிவேற்றம் நொடிக்கு 0.8 மெகாபிட். 2 ஜிகாபைட் கோப்பு ஒன்று போய்ச் சேர ஐந்தரை மணி நேரம் ஆகும். இரவில் அனுப்பத் தொடங்கிவிட்டுப் படுத்தால், பாதியில் அறுந்து கிடப்பதைக் காலையில் பார்த்த நாட்கள் பல. கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது வீட்டில் வேறு யாருக்கும் இணையம் இல்லை. ஒரு பக்கத்தைத் திறக்கக் கேட்கும் கோரிக்கையும் அந்த ஒற்றையடிப் பாதையில்தானே போக வேண்டும்?

என் வீட்டுத் தாமிரக் கம்பியில் இதற்குத் தீர்வு கிடையாது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப் போகப்போக சமிக்ஞை தேய்கிறது. அதன் மேம்பட்ட வடிவமான ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் காகிதத்தில் 24 மெகாபிட் வரை பதிவிறக்கம் தரும்; தொலைவில் இருந்த எனக்கு 6 கிடைத்தது. மழை பெய்து இணைப்பு முனைகளில் ஈரம் ஏறினால் அதுவும் இல்லை. கண்ணாடி இழையில் போவது ஒளி. அருகே ஓடும் மின்கம்பியின் இரைச்சல் அதைத் தொடாது; சில கிலோமீட்டர் தொலைவு ஒரு பொருட்டே அல்ல.

இப்போது என் திட்டத்தில் பதிவேற்றம் 50 மெகாபிட். அதே 2 ஜிகாபைட் கோப்பு ஐந்தரை நிமிடத்துக்குள் போய்விடுகிறது. அதைவிட நான் மதிப்பது சீரான தன்மையை. நேரலை வகுப்பில் என் குரல் உடைகிறது என்று யாரும் சொல்லி நீண்ட நாளாயிற்று.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஃபைபரும் பங்கிடப்படும் பாதைதான். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும், பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் பதிவிறக்கத்தையும் 1.25 ஜிகாபிட் பதிவேற்றத்தையும் 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. நிறுவனம் பின்னால் போதிய கொள்ளளவு வைத்திருக்காவிட்டால் மாலை நேரங்களில் வேகம் சரியும். இதை விற்பனையாளரிடம் கேட்டுப் பயனில்லை. அதே நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் கேளுங்கள், அதுவும் இரவு எட்டு மணிக்கு எப்படி இருக்கிறது என்று.

அடுத்தது மின்சாரம். பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தாமிரக் கம்பியிலேயே நிலையத்திலிருந்து வந்தது. வீட்டில் மின்வெட்டு வந்தாலும் பேச முடிந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஒளியை வாங்கித் தரும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் வீட்டு மின்சாரமே கதி. முதியவர்கள் தரைவழித் தொலைபேசியை நம்பியிருக்கும் வீடு என்றால் இரண்டுக்கும் ஒரு பேட்டரியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

முதல் வாரம் எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. படுக்கையறையில் வேகம் பழையபடிதான். குறை ஃபைபரில் இல்லை. இரண்டு சுவர்களுக்கு அப்பால், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற மெதுவான அலைவரிசையில் வந்த வைஃபையில் இருந்தது. ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு நகர்த்தினேன். மேசைக் கணினியின் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டாததற்குக் காரணம் ரவுட்டரிலிருந்து அதற்கு வந்த பழைய கேபிள்: எட்டு கம்பிகளில் நான்கு மட்டும் இணைக்கப்பட்டிருந்தன. புதுக் கேபிளோடு அது தீர்ந்தது.

எல்லோரும் மாற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். செய்தி படிக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் மட்டும் இணையம் வேண்டும், இருக்கும் இணைப்பு அறுவதில்லை என்றால் இன்னும் ஓராண்டு அப்படியே இருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் காணொளி அழைப்பில் இருக்கும் குடும்பங்களும் தயங்கவே வேண்டாம். கையெழுத்திடும் முன் பதிவேற்ற வேகத்தையும் ஒப்பந்தக் காலத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பவர்கள், தனிப் பொது ஐ.பி. முகவரி (இணையத்தில் உங்கள் வீட்டு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடைக்குமா என்றும் கேளுங்கள்; பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து தரும் நிறுவனங்களில் சில கேமராக்களை நேரடியாக அணுக முடியாது.

பழைய இணைப்பை உடனே துண்டித்துவிடாதீர்கள். ஒரு மாதம் இரண்டுக்கும் பணம் கட்டினேன், வீண் செலவு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மூன்றாவது வாரம் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அலமாரியைச் சுவரோடு தள்ளியபோது பின்னால் போன இழை கூர்மையாக மடங்கி, ஒளி அங்கேயே கசிந்துவிட்டது. பழுது பார்ப்பவர் வந்து, கருவியால் அளந்து, மடங்கிய இடத்தை வெட்டிப் புதிதாக இணைக்க இரண்டு நாட்கள் ஆயின. அந்த இரண்டு நாளும் வகுப்புகள் பழைய தாமிரக் கம்பியில்தான் நடந்தன.