மண்டபமா, வீட்டு முற்றமா? ஒரு வன்னிக் கலியாணக் கணக்கு

அக்காவின் மூத்த மகளுக்கு உருத்திரபுரத்தில் வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டோம். இளையவளுக்குக் கிளிநொச்சியில் ஒரு மண்டபம். இரண்டுக்கும் செலவுக் கொப்பி எழுதியவன் நான். அதனால், வீடென்றால் மலிவு என்று யாராவது சொன்னால், எந்த மாதம் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

முற்றத்துக்காகப் பேசுபவர்கள் வயல் நெல்லைக் காட்டுவார்கள். அது பெரிய மிச்சம் அல்ல. ஒரு கிலோ அரிசியில் 8 பேர் என்றால் 300 பேருக்கு 40 கிலோ போதும். ஏறக்குறைய ஒரு மூட்டை நெல்லைக் குற்றினால் அது கிடைத்துவிடும். காசை விழுங்குபவை தேங்காய், மரக்கறி, எண்ணெய், சமையற்காரர் கூலி. அவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது தேநீர்தான். கன்னிக்கால் நட்டதிலிருந்து பந்தல் பிரிக்கும்வரை, வந்து நின்ற சொந்தங்களுக்குச் சீனியும் பால்மாவும் வாங்க 11 தடவை கடைக்கு ஓடியிருக்கிறோம். ஒவ்வொன்றும் சின்னத் தொகை. கூட்டிப் பார்த்தால் மணவறைச் சோடனைக்குக் கொடுத்த காசை எட்டிவிட்டது. அது ஆவணி மாதம். கிணறு அடிமட்டத்தில் கிடந்தது, சமையலுக்கும் கைகழுவவும் பவுசரில் தண்ணீர் இறக்கினோம்.

மண்டபத்தில் இந்தக் கசிவு இல்லை. இளையவளின் நாள் ஐப்பசியில்; வெளியே மழை கொட்டியபோதும் பந்தி தடைப்படவில்லை. முற்றமாக இருந்திருந்தால் தகரப் பந்தலும், சேற்றுக்கு இரண்டு லோட் கிரவலும் வேண்டியிருக்கும். ஆனால் சாப்பாட்டுக்குத் தலைக்கணக்கு. 300 பேருக்குச் சொல்லி 240 பேர் வந்தார்கள். 300 பேருக்கும் காசு கொடுத்தோம். ஊர்ச்சனத்தை ஏற்றி இறக்கிய பஸ் செலவையும் முதலில் எவரும் நினைக்கவில்லை.

கோயிலில் தாலி கட்டிவிட்டு வீட்டில் சாப்பாடு கொடுப்பது எல்லாவற்றிலும் மலிவு. இரு வீட்டாரும் மனமொத்தால் அதையே செய்யுங்கள்.

எதை எடுத்தாலும், வரப்போகும் மொய்யை வரவில் எழுதாதீர்கள். குறையும் காசுக்கு நுண்கடன் எடுக்கவே வேண்டாம். கிழமைக்கிழமை தவணைக்காரர் வாசலில் நிற்க, பெண்கள் பட்ட பாட்டை இந்த மண் கண்டிருக்கிறது.

அக்காவுக்கு இன்னும் ஒருத்தி இருக்கிறாள். காலபோக அறுவடை முடிந்த மாசியில் நாள் அமைந்தால் முற்றம்தான்: கிணற்றில் தண்ணீர் இருக்கும், வானமும் வெளித்திருக்கும். அறுவடை நேரத்தில் நெல் விலை விழும் என்பதால் பந்தல்காரருக்கான காசை முன்கூட்டியே சீட்டில் சேர்க்கிறோம். வெளிநாட்டுச் சொந்தங்களின் லீவுக்காக ஆவணிக்குத் தள்ளினால், மண்டபத்துக்கே முற்பணம் கட்டச் சொல்வேன்.