162 மேட்ச், 121 தோல்வி: 2024 ஒயிட் சாக்ஸ் கூட ஒரு முழு சீசன் ஓட்டின அனுபவம்

போன், மிக்சி, பைக்குக்குத்தான் லாங் டேர்ம் ரிவ்யூ போடுவாங்க, நான் போடறது ஒரு பேஸ்பால் டீமுக்கு. சிகாகோ ஒயிட் சாக்ஸ், 2024 மாடல், ஆறு மாசம் முழுசா யூஸ் பண்ணியாச்சு.

முதல் மேட்ச் டெட்ராய்ட் கூட, 1-0ன்னு தோத்தாங்க. காரெட் க்ரோஷே நல்லாத்தான் பந்து போட்டாரு, பேட்டிங்ல ஒரு ரன்கூட வரல. சரி இப்பதானே ஆரம்பம்னு விட்டா 25 மேட்ச்ல 22 தோல்வி. முந்தின வருஷமே 101 தோத்த டீம், இருந்த நல்ல பிட்சர் (பந்து போடறவரு) டிலன் சீஸையும் மார்ச்ல சான் டியேகோ டீமுக்கு தள்ளி விட்டுட்டாங்க, அப்புறம் எங்க உருப்படறது.

மே 23 மட்டும் சாகற வரைக்கும் மறக்காது. பால்டிமோர் கூட கடைசி இன்னிங்ஸ், 8-6ன்னு பின்னாடி இருந்தாலும் நெருங்கிட்டாங்க, மூணு அவுட் ஆனாதான் இன்னிங்ஸ் முடியும், அப்ப ஒரு அவுட்தான், ரன்னுக்கு ஓடற நம்மாளுங்க ரெண்டு பேரு பேஸ்ல. நம்ம பேட்ஸ்மேன் பெனின்டெண்டி அடிச்சது நேரா வானத்துக்கு போச்சு, ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கற ஃபீல்டர்) நிதானமா கேட்ச் புடிச்சாரு. ஆனா செகண்ட் பேஸ்ல இருந்த ஆண்ட்ரூ வான், ஷார்ட்ஸ்டாப் வர்ற வழில குறுக்க வந்துட்டாராம், அம்பயர் அவரையும் அவுட் குடுத்துட்டாரு. நம்ம பாஷைல சொன்னா ஒரே பந்துல ரெண்டு விக்கெட், மேட்ச் க்ளோஸ்.

ஜூலை 10ல இருந்து தொடர்ச்சியா 21 தோல்வி. ஏழெட்டு வரைக்கும் கோவம் வரும், பத்து தாண்டினா சிரிப்பு, பதினஞ்சுக்கு மேல ஸ்கோர் பாக்காமலே தூக்கம் வந்துடுது. ஆகஸ்ட் 6 ஓக்லாண்ட்ல 5-1ன்னு ஜெயிச்சாங்க, 8ந்தேதி மேனேஜர் (நம்ம பாஷைல கோச்) பெட்ரோ க்ரிஃபோலை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

இப்ப ஒரு உண்மைய சொல்லிடறேன், திட்டாதீங்க. 1962ல நியூயார்க் மெட்ஸ் 120 தோத்ததுதான் அதுவரைக்கும் நவீன காலத்து ரெக்கார்ட், நம்மாளுங்க அதை சமம் பண்ணிட்டு செப்டம்பர் 24 சொந்த ஊருக்கு வந்தாங்க, அன்னிக்கு தோக்கணும்னு வேண்டிக்கிட்டே டிக்கெட் எடுத்தேன். வரலாறு நடக்கறப்போ அங்க இருக்கணும்ல? எதிர் டீம் ஏஞ்சல்ஸ் 2-0ன்னு முன்னாடி இருந்தாங்க, எட்டாவது இன்னிங்ஸ்ல நம்மாளுங்க திடீர்னு 3 ரன் அடிக்கறாங்க, ஸ்டேடியத்துல பாதி பேரு டீமை வித்துடுன்னு ஓனர் ஜெர்ரி ரைன்ஸ்டோர்ஃபுக்கு கேக்கற மாதிரி கத்தறாங்க, எனக்கு கடுப்புதான் வந்துச்சு. பக்கத்து சீட் தாத்தா மட்டும் பென்சில்ல ஒவ்வொரு பந்தையும் ஸ்கோர் ஷீட்ல குறிச்சுக்கிட்டே இருந்தாரு, 3-2ன்னு ஜெயிச்சதும் தாளை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுட்டு "குட் நைட்"னு கிளம்பிட்டாரு. அவரை பாத்ததும் கொஞ்சம் கூச்சமாயிடுச்சு.

அந்த ஏஞ்சல்ஸ் சீரீஸ் மூணையும் ஜெயிச்சாங்க. 27ந்தேதி டெட்ராய்ட்ல 4-1, 121வது தோல்வி, அதே மேட்ச்ல டெட்ராய்ட் பிளேஆஃபுக்குள்ள போச்சு, அவங்க குதிக்கறத டிவில பாத்துட்டு பாத்திரம் தேய்ச்சேன். அடுத்த ரெண்டும் மறுபடி நமக்கு. கடைசி ஆறுல அஞ்சு ஜெயிச்சிருக்காங்க, இதையே ஏப்ரல்ல பண்ணித் தொலைஞ்சா என்னவாம்?