ஜாக்ரோஸா, அப்பலாச்சியனா: ஜன்னல் சீட் எதற்கு?

மடிப்பு மலையை விமானத்தில் மேலிருந்து பார்ப்பதென்றால் என் ஓட்டு ஈரானின் ஜாக்ரோஸுக்குத்தான். அரேபியத் தட்டு, அதாவது அரேபியாவைத் தாங்கி நகரும் பூமியின் மேலோட்டுத் துண்டு, யூரேசியாவை இன்னும் நெருக்கிக்கொண்டிருக்கிறது. பாயை ஒரு பக்கமிருந்து தள்ளினால் சுருள்வது மாதிரி பாறை அடுக்குகள் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. தெற்கே மரம் செடி குறைவு, அதனால் எதுவும் மறைவதில்லை. ஒவ்வொரு மேடும் கவிழ்த்துப் போட்ட படகு போல இரு முனையிலும் கூம்பியிருக்கும். சுண்ணாம்புக்கல் முதுகில் ஓடைகள் கீறிய பள்ளங்கள் விலா எலும்பு மாதிரி தெரியும். அப்புறம் அந்த உப்பு! 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய உப்புப் படிவு, மேலே கிடக்கும் பாறையைத் துளைத்து வந்து, சரிவில் கூழ் போல மெல்ல வழிகிறது. உயரத்திலிருந்து பார்த்தால் மை சிந்திய கறைதான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள அப்பலாச்சியன் மலைகளின் கதை வேறு. ஆப்பிரிக்கா வந்து மோதி சுமார் 30 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. மடிப்பின் உச்சியெல்லாம் தேய்ந்துபோய், கெட்டியான மணற்கல் மட்டும் வரப்பு வரப்பாக நிற்கிறது. ஆகவே இங்கே மேட்டைப் பார்த்து, மடிப்பு மேல்நோக்கி வளைந்த இடம் என்று நம்பிவிட முடியாது. பல இடங்களில் அதுதான் பள்ளமாகிவிட்டது. வரப்புகள் கொண்டை ஊசி போலத் திரும்பும். ஹாரிஸ்பர்க் அருகே சஸ்குவெஹானா ஆறு அவற்றைச் சுற்றிப் போகாமல் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. கோடையில் காடு மூடிவிடும். இலை உதிர்ந்து லேசாகப் பனி விழுந்தபின் போனால் கோடுகள் பளிச்சென்று தெரியும்.