சபை நிவாரணப் பயணத்தில் பத்து நாள்: போகலாமா என்று கேட்பவர்களுக்கு

2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்த பிறகு, எங்கள் சபையில் மறுபடியும் "யாரெல்லாம் வருகிறீர்கள்?" என்ற பேச்சு எழுந்தது. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரண வேலைக்கு நேபாளத்துக்குப் போய் வந்தவன் என்பதால் பிள்ளைகள் என்னிடம் வந்து நிற்கிறார்கள். அண்ணே, போகலாமா, எப்படி நடத்துவார்கள், நாங்கள் அங்கே போய் என்ன செய்ய முடியும்? ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சபையின் பெயரைச் சொல்லவில்லை. இதில் வரும் குறைகளை எல்லாம் மூப்பர்களிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

தகரக் கூரை போடுவது என் தொழில். இது தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்வது புரியும்.

முதலில் பதிவு. ஒரு பக்கப் படிவம் கொடுத்தார்கள். எப்போது ஞானஸ்நானம் எடுத்தீர்கள், சாட்சி சொல்ல வருமா, பாட வருமா என்று எல்லாம் கேட்டிருந்தது. என்ன வேலை தெரியும் என்று கேட்கவில்லை. ரத்த வகை கேட்கவில்லை, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்கவில்லை. பதினான்கு பேர் போனோம். அதில் ஒரு நர்ஸ் அக்கா, நான், ஒரு தச்சர், இந்த மூன்று பேருக்கும் கைத்தொழில் இருந்தது தற்செயலாக அமைந்தது. மற்றவர்கள் நல்ல மனசுக்காரர்கள், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார்கள். ஆனால் சுத்தியலை எந்த இடத்தில் பிடிப்பது என்று அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டார்கள். படிவத்தில் ஒரே ஒரு கேள்வி கூடுதலாக இருந்திருந்தால் சபையிலேயே இருந்த கொத்தனார் ஒருவரையும் எலக்ட்ரீஷியன் ஒருவரையும் கூட்டிப் போயிருக்கலாம்.

ஆயத்தக் கூட்டம் இரண்டு மாலைகள் நடந்தது. ஜெபம் நன்றாக இருந்தது, மனசு திடப்பட்டது. போகிற நாட்டைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. கையில் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் "ஞாயிறு ஆராதனை" என்று போட்டிருந்தது. நேபாளத்தில் அப்போது வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிறு அங்கே வேலை நாளாக இருந்தது, சபைகள் சனிக்கிழமைதான் கூடின. நிலநடுக்கம் வந்த ஏப்ரல் 25-ம் தேதியும் சனிக்கிழமைதான். பகல் 11:56-க்கு 7.8 அளவில் அந்த நிலநடுக்கம் வந்தபோது எத்தனையோ சபைகளில் விசுவாசிகள் ஆராதனையில் உட்கார்ந்திருந்தார்கள். அதே சனிக்கிழமை என்பதால்தான் பள்ளிக்கூடங்கள் காலியாக இருந்தன, பல ஆயிரம் வகுப்பறைகள் விழுந்தும் உள்ளே பிள்ளைகள் இல்லை. இதை எங்களுக்குச் சொன்னவர் அங்கிருந்த போதகர் ஐயா. வந்து இறங்கிய அன்று இரவு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், யார் யாரை அடக்கம் பண்ணினோம் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் புறப்படுவதற்கு முன்பே எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

மே 6 அன்று காத்மாண்டு போய்ச் சேர்ந்தோம். அந்த விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதைதான், அதையும் அந்த வாரத்தில் பெரிய விமானங்களுக்கு மூடியிருந்தார்கள். அங்கிருந்து அரனிகோ நெடுஞ்சாலையில் துலிகேல், தோலால்காட் வழியாக சிந்துபால்சோக் மாவட்டத்துக்குப் போனோம். நிலநடுக்கத்தின் மையம் கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக். ஆனால் உயிரிழப்பு அதிகம் சிந்துபால்சோக்கில்தான். கல்லையும் மண்ணையும் குழைத்துக் கட்டிய வீடுகள். மரச்சட்டம் பிடித்து நிற்கும், சுவர் பிரிந்து கொட்டிவிடும். மாவட்டத் தலைநகர் சௌதாராவுக்கு மேலே நாங்கள் தங்கிய ஊரில் முழுசாக நின்ற வீடு எதையும் நான் பார்க்கவில்லை.

சாமான்கள் விஷயத்தில் சபை தப்பான ஆலோசனை கொடுத்தது. ஆளுக்கு ஒரு பெட்டி நிறையப் பழைய துணி கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். போதகர் ஐயா எதுவும் சொல்லாமல் ஒரு தார்ப்பாய்க் கொட்டகையைத் திறந்து காட்டினார். உள்ளே எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன துணி இடுப்பளவுக்குக் கிடந்தது. "தாய், எங்களுக்கு ஆணி வேண்டும், கட்டுக்கம்பி வேண்டும், தகரம் வேண்டும்" என்றார். நேபாளியில் 'தாய்' என்றால் அண்ணன். முதல் நாள் அந்த வார்த்தையைக் கேட்டு நான் திகைத்துப்போனேன். அப்புறம் காணிக்கையில் வந்த பணத்தை அவர் கையில் கொடுத்து, அவருக்குத் தெரிந்த கடையில் அவரையே பேசி வாங்க வைத்தோம். பயணம் முழுவதிலும் எங்கள் குழுத் தலைவர் எடுத்த நல்ல முடிவு அதுதான்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மழைக்காலம் ஜூனில் வந்துவிடும். அதற்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைக்கு மேல் தகரம் வேண்டும். அங்கே தகரத்தை 'ஜஸ்தா' என்கிறார்கள், ஒரு பண்டல் 72 அடி. தற்காலிகக் குடிசைக்காக அரசாங்கம் குடும்பத்துக்கு 15,000 நேபாள ரூபாய் அறிவித்திருந்தது, ஆனால் மலை மேல் இருப்பவர்கள் அதை வாங்கித் தகரமாக மாற்றித் தோளில் சுமந்து மேலே கொண்டு வர வேண்டும். இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய மரம், பழைய தகரம், புதுத் தகரம் மூன்றையும் சேர்த்துத்தான் கூரை போட்டோம். எங்கள் பிள்ளைகள் இரண்டு நாள் முழுக்கச் செய்தது, பழைய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது. அலுத்துக்கொள்ளாமல் செய்தார்கள். ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். ஒரு தகரத்தின் மேல் அடுத்தது ஒன்றரை மடிப்பாவது ஏற வேண்டும். ஏறுகிற ஓரம் காற்று வரும் திசையைப் பார்க்கக் கூடாது. எந்தப் பக்கமிருந்து காற்று வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுப் பெரியவர் கையை நீட்டிக் காட்டினார், அப்படியே போட்டேன். பத்து நாளில் ஒன்பது கூரை. பாதி வேலைக்கு மேல் ஊர்க்காரர்கள் செய்தது.

மூன்றாம் நாள் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். அங்கே அம்மாவை 'ஆமா' என்று கூப்பிடுகிறார்கள். நமக்கு அது சம்மதம் சொல்கிற வார்த்தை. நான் "ஆமா, ஆமா" என்று கூப்பிடக் கூப்பிட அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூரை போட இடம் காட்டச் சொன்னோம். அவர் காட்டவில்லை. இடிந்த குவியலின் ஒரு மூலையில் உட்கார்ந்து வெறும் கையால் கல்லை எடுத்து எடுத்துப் போட்டார். மொழிபெயர்க்க வந்த பையனிடம் கேட்டால், "விதை" என்றான். சரி என்று எல்லோரும் உட்கார்ந்து அந்த மூலையைத் தோண்டினோம். நாலரை மணி நேரம். மேலே கல், அதன் கீழே மண், அதன் கீழே உடைந்த உத்திரம். கடைசியில் நசுங்கிப் போன ஒரு பெரிய மூங்கில் கூடை. ஆமா அதற்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, ஊதி, என் உள்ளங்கையில் போட்டார். கேழ்வரகு. மண்ணும் உமியும் கலந்து, சிவந்த பொடி மணியாக, கேழ்வரகேதான். மழை விழுந்ததும் நாற்று விடுவதற்கு அவர் வைத்திருந்த விதை அது. அதைப் புடைத்து மூட்டை கட்டி முடிந்த பிறகுதான் கூரைக்கு இடம் காட்டினார். முதல் வேலை எது என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும் என்பதை நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

தங்குமிடம், சாப்பாடு பற்றி ஒரு மனவருத்தம் உண்டு. சபை வளாகத்தில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்தோம், அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வேளை பருப்பும் சோறும் போட்டார்கள். இரண்டாம் நாள் இரவு நர்ஸ் அக்காதான் கேட்டார்: "இந்த அரிசி யாருடையது?" அந்தச் சபையில் வீடு இழந்த குடும்பங்களுக்கு வந்த அரிசி. பதினான்கு பேர் அதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மறுநாளே காத்மாண்டிலிருந்து எங்களுக்கான மூட்டை வந்தது. கழிப்பறையும் அப்படித்தான். நிவாரண முகாம்களில் 20 பேருக்கு ஒன்றாவது வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டாம், அதையும் அக்காதான் சொன்னார். அங்கே ஒரே ஒரு கழிப்பறையில் ஏற்கெனவே அறுபது பேர் போய்க்கொண்டிருந்தார்கள், அதில் நாங்களும் சேர்ந்தோம். ஐந்தாம் நாள் நாங்களே குழி தோண்டி இரண்டு கழிப்பறை கட்டினோம். அது முதல் நாளே நடந்திருக்க வேண்டிய வேலை.

சுவிசேஷத் துண்டுப்பிரதிகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேபாளி மொழியில் அச்சடித்து ஒரு கட்டுக் கொண்டு போயிருந்தோம். போதகர் ஐயா அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். ஒருவரை மதம் மாற்றுவதை அந்த நாட்டின் இடைக்கால அரசியல் சாசனமே தடுத்திருந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த புதிய சாசனமும் தடுக்கிறது. வழக்கு வந்தால் நாங்கள் விமானம் ஏறிவிடுவோம், பதில் சொல்ல வேண்டியவர் அவர். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். செஞ்சிலுவை இயக்கமும் மற்ற நிவாரண அமைப்புகளும் 1994-ல் வகுத்த நடத்தை விதிகளில், உதவியை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. எங்கள் குழுவில் சிலருக்கு இது கசப்பாக இருந்தது. எனக்கு இல்லை. நான் முழு மனசோடு விசுவாசி. கூரை இல்லாதவரிடம் தகரத்தை ஒரு கையிலும் பிரதியை மறு கையிலும் நீட்டினால், அவர் எதற்காகத் தலையாட்டுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊரில் பாதிக்கு மேல் தாமாங் குடும்பங்கள், பௌத்தர்கள். அவர்கள் வீட்டுக் கூரையும் அதே வரிசையில்தான் போட்டோம்.

மே 12, செவ்வாய், பகல் 12:50. நான் எட்டடி உயரச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். மலை ஏறும் லாரி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் சட்டம் என் தொடைக்குக் கீழே நெளிந்தது. குதித்தேனா, விழுந்தேனா, இன்றும் நினைவில்லை. எதிர் மலையில் வரிசையாகப் புழுதி எழுந்தது, ஒவ்வொன்றும் ஒரு சரிவு. 7.3. அந்த ஒரு நாளில் மட்டும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

எங்கள் ஏற்பாட்டின் ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற பட்டியல் தலைவரின் போனில் இருந்தது, தலைவர் கீழே சாலையில் இருந்தார், போனும் போகவில்லை. ஆள் எண்ணியவர் போதகர் ஐயா. எங்கள் பெயர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பதினான்காவது பெயருக்குக் குரல் வரும் வரை அவர் உட்காரவில்லை. அவருடைய சொந்த மகள் சௌதாராவில் இருந்தாள், பத்திரமாக இருக்கிறாள் என்று மாலையில்தான் தெரிந்தது. அடுத்து பாஸ்போர்ட். பத்திரமாக இருக்கட்டும் என்று மொத்தமாக வாங்கி, விரிசல் விட்ட கட்டடத்துக்குள் ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே போக ஐயா யாரையும் விடவில்லை, அது சரியும்கூட. மறுநாள் நீள மூங்கிலின் நுனியில் கம்பியை வளைத்துக் கட்டி, ஜன்னல் வழியாக விட்டு, தச்சரும் நானுமாகப் பையை இழுத்து எடுத்தோம். போகிறவர்கள் தயவுசெய்து பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நாலு நாள் முன்னதாகவே திரும்பிவிடலாமா என்று அன்றிரவு பேச்சு வந்தது. மூன்று பேர் போனார்கள், அவர்கள் மேல் எனக்குத் துளியும் குறை இல்லை. மீதிப் பேர் இருந்தோம். ஊர்க்காரர்கள் மறுநாள் காலை ஏழு மணிக்கே சுத்தியலோடு வந்து நின்றார்கள்.

திரும்பி வந்த பிறகு சபையில் நன்றி ஆராதனை நடந்தது. திரையில் படங்கள் ஓடின. அழுகிற ஒரு குழந்தையின் முகம் மூன்று தடவை வந்தது. அந்தப் பிள்ளையின் தாயிடம் யாரும் கேட்டு எடுத்த படம் இல்லை அது. வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படவில்லை. நானும் நர்ஸ் அக்காவும் மூப்பர்களிடம் போய்க் கேட்டோம். அடுத்த மாதம் வாசித்தார்கள், படத்தையும் எடுத்துவிட்டார்கள். இந்த முறை படிவத்தில் தொழில் பற்றிய கேள்வியும் இருக்கிறது, பார்த்தேன்.

ஆக, போகலாமா? கைத்தொழில் தெரிந்தவர்கள், அங்கே இருக்கிற சபையோ அமைப்போ இன்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தால், கட்டாயம் போங்கள். யார் கேட்டார்கள் என்று உங்கள் தலைவரால் சொல்ல முடியவில்லை என்றால் விமான டிக்கெட் பணத்தை அப்படியே அங்கே அனுப்பிவிடுங்கள். பண்டல் பண்டலாகத் தகரம் வாங்கலாம். மருத்துவம் தெரிந்தவர்கள், முதல் வாரத்தைவிட மூன்றாவது வாரத்துக்குப் பெயர் கொடுங்கள். வயிற்றுப்போக்கும் புண் பழுப்பதும் அப்போதுதான் தெரியவரும் என்று அக்கா சொல்கிறார்.

அந்த ஜூலையில் போதகர் ஐயாவிடமிருந்து, அங்குள்ள விசுவாசிகள் சொல்லும் 'ஜெய்மசி' வணக்கத்தோடு, செய்தி வந்தது. "ஜெய்மசி தாய். பெரிய மழை. எட்டுக் கூரை நன்றாக இருக்கிறது. ஆமா வீட்டில் முகட்டுப் பக்கம் ஒரு இடத்தில் ஒழுகுகிறது." எந்த ஆணி என்று எனக்குத் தெரியும். மே 12-க்கு அப்புறம், கை நடுங்கிக்கொண்டே அடித்தது. முகட்டிலிருந்து இரண்டாவது, கிழக்குப் பக்கம், அதைப் பிடுங்கிவிட்டுத் தார் வைத்து அடைத்து, பக்கத்து மேட்டில் வேறு ஆணி அடிக்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: ஒழுகல் நின்றுவிட்டது, கேழ்வரகு நாற்று ஒரு சாண் வளர்ந்திருக்கிறது.